பிரேசில் நட்டும் ஓரகத்தி கூந்தலும்

மூத்த மருமகளுக்கும் இளைய மருமகளுக்கும் ஒரே வருடத்தில் தைராய்டு வந்தது. ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. முடிகூட இருவருக்கும் சரிசமமாகத்தான் கொட்டியது. அதுவரை மூத்தவளுக்கு மனசில் ஒரு குறையும் இல்லை. ஆறே மாதத்தில் இளையவளுக்கு மட்டும் முடி மறுபடி அடர்ந்து வளர்ந்தபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

மூத்தவள் அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். மாதம் ஒருமுறை ஓரகத்தியின் தலையை அலசி நுனி வெட்டிவிடுவதும் அவள்தான். முன்பு ஒரு கிளிப்பில் அடங்கிய கூந்தலுக்கு இப்போது மூன்று வேண்டியிருந்தது. நாலு பேர் தலையைப் பார்த்துத் தொழில் நடத்துகிறவள் தான். முடி வளர்வதென்றால் தனக்கல்லவா முதலில் வளர்ந்திருக்க வேண்டும்?

சுற்றி வளைத்து வாயைப் பிடுங்கினாள். இளையவள் எதையும் மறைக்கவில்லை.

"மாத்திரைய வேளை தவறாம போடுறேன்க்கா. அதோட டாக்டர்கிட்ட கேட்டுட்டு பிரேசில் நட்டுன்னு ஒரு கொட்டை, தினம் ஒண்ணு சாப்பிடுறேன். அதுல செலினியம்னு ஒரு சத்து இருக்காம், தைராய்டுக்கு நல்லதாம்."

ஒன்றாம்! யார் காதில் பூச்சுற்றுகிறாள்? வயதிலேயே மூன்றைக் குறைத்துச் சொல்பவள், இதில் எத்தனையைக் குறைத்தாளோ. மூத்தவள் தினமும் பத்து தின்றாள். இனி மாத்திரை எதற்கு என்று அதையும் பாதி நாள் விட்டாள்.

இரண்டு மாதத்தில் நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. பூண்டைத் தொடாத நாளிலும் மூச்சில் பூண்டு வாடை அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருந்த முடியும் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அவளைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனவள் ஓரகத்திதான். அந்த உதவிகூட மூத்தவளுக்கு எரிச்சலாக இருந்தது.

எத்தனை சாப்பிட்டாள் என்று கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். தைராய்டுக்குச் செலினியம் வேண்டியதுதான், ஆனால் ஒன்றிரண்டு கொட்டையிலேயே ஒரு நாளைக்கு வேண்டியது கிடைத்துவிடும், அதற்கு மேல் போனால் முடி, நகம், நரம்பு எல்லாவற்றையும் கெடுக்கும் என்றார். மாத்திரைக்குப் பதில் அது ஆகவே ஆகாது என்றும், கொட்டையை அடியோடு நிறுத்தினால் முடி மெல்ல வளரும் என்றும் சொன்னார்.

மூத்தவள் தலையாட்டினாள். பிறகு, பக்கத்து நாற்காலியில் ஓரகத்தி இருப்பதையும் பாராமல் கேட்டாள்.

"அவளும் நிறுத்தணுமா டாக்டர்?"

"எதுக்கு? அவங்க ஒண்ணுதானே சாப்பிடுறாங்க. தாராளமா சாப்பிடலாம்."

இத்தனை நாள் முடி கொட்டியபோதெல்லாம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.