உப்புப் பார்க்க வருகிறவள்

பதினொன்றேகாலுக்கு அவள் கடைக்குள் நுழைந்து, பரிமாறும் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த முதல் மேசையில் உட்கார்ந்தாள். பலகையில் பெரிதாக 'இந்தியச் சாப்பாட்டுக் கடை' என்று போட்டிருந்தாலும் உள்ளே மொத்தம் ஒன்பது மேசைதான். அடுப்பு அனல் முகத்தில் அடிக்கும் என்று அந்த முதல் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும். அங்கே உட்கார்ந்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு நிற்கிற அவள் புருஷனைப் பார்க்கலாம். கடையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

"மாஸ்டர் வீட்டுல அடுப்பே கெடையாதோ?" என்று கல்லாவிலிருந்து முதலாளியம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"ஊருக்கே சமைக்கிற ஆளக் கட்டிக்கிட்டு நான் எதுக்குங்க அடுப்புல வேகணும்" என்று இவளும் வழக்கம்போலச் சொன்னாள்.

ஒரு வருஷமாக நடக்கிற நாடகம் இது. போன வருஷம் வந்த காய்ச்சல் மாஸ்டரின் உயிரை விட்டுவிட்டு மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சமையல்காரனுக்கு நாக்குப் போவதும் டிரைவருக்குக் கண் போவதும் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். ஐம்பத்தேழு வயது ஆளை வேறு எந்தக் கடை சேர்க்கும்? முப்பது வருஷம் பழகிய கை, அளவு தப்பாதே என்று கேட்கலாம். தப்பாதுதான். ஆனால் பயந்த கைக்கு ஞாபகம் நிற்காது. போட்டோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு இரண்டாம் தரமும் போட்டுவிடும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூட்டம் வருமுன் அவள் வந்து சாப்பிடுவாள். தண்ணீர் டம்ளர் தட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் எல்லாம் சரி. இடப்பக்கம் இருந்தால் உப்புக் குறைவு. தட்டையே முன்னால் தள்ளிவிட்டால் கூடிப்போச்சு. அவர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே சரிசெய்துகொள்வார். இத்தனை நாளில் ஒரு வாடிக்கையாளர்கூட முகம் சுளித்ததில்லை.

வந்த கஷ்டம் தனியாகவா வரும்? திங்கட்கிழமையிலிருந்து அவள் நாக்கும் செத்துப்போயிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அறுத்தெறிந்த கட்டி திரும்ப வந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அரைநாள் கையில் ஊசியோடு கிடந்தாள். அந்த மருந்துதான் நாக்கைச் சாகடித்தது. போன தடவை அந்த மனிதர் வேலையை உதறிவிட்டு ஏழு மாசம் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவையும் அதைத்தான் செய்வார், அவருக்கு வேறொன்றும் தெரியாது. இப்போது விட்டால் திரும்ப வேலை கிடைக்காது. ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை. சோறு, பருப்பு, பழம் எல்லாம் வாயில் துருப்பிடித்த சாவியாகத்தான் இருந்தன, ஒன்றிலும் வாசனையும் இல்லை. செவ்வாயும் புதனும் குருட்டாம்போக்கில் டம்ளரை வலப்பக்கம் வைத்தாள். நல்லவேளை, தப்பித்தாள்.

இன்றைக்குக் குழம்பை இரண்டு வாய் சாப்பிட்டாள். சாவிதான். இரண்டு நாள் காப்பாற்றிய அதிர்ஷ்டம் மூன்றாம் நாளும் வருமா? சரி, நம் நாக்கு இல்லாவிட்டால் என்ன, ஊரான் நாக்கு இருக்கிறதே என்று சுற்றிப் பார்த்தாள். இரண்டு மேசை தள்ளி ஒரு டாக்சிக்காரர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மனிதர் மென்றார், விழுங்கினார், போனைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் உப்புக் குடும்மா" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டம்ளரை எடுத்து இடப்பக்கம் வைத்தாள். ஜன்னலில் மாஸ்டரின் தலை தெரிந்தது, மறைந்தது. சிறிது நேரத்தில் ஒரு கிண்ணத்தில் புதுக் குழம்பு வந்தது. அதையும் சோற்றில் விட்டுப் பிசைந்து தின்றாள். டம்ளரை வலப்பக்கம் மாற்றினாள். பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அப்புறம்தான் டாக்சிக்காரரை மறுபடி பார்த்தாள். அவர் உப்பை வெள்ளரித் துண்டுகளின் மேல் தூவிக் கடித்துக்கொண்டிருந்தார். குழம்பு அவர் தட்டில் எப்போதோ காலியாகியிருந்தது.

எழுந்து ஓடிப்போய்ச் சொன்னால் முதலாளியம்மாவுக்குத் தெரிந்துவிடும். தட்டை முன்னால் தள்ளினாள். ஜன்னலில் யாருமில்லை. அதற்குள் பக்கத்து ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேர் சிரிப்பும் பேச்சுமாக வந்து உட்கார்ந்தார்கள். சோறு வந்தது, குழம்பு வந்தது. முதலில் ஒருவர் தண்ணீரைத் தேடினார், பிறகு எல்லோரும் தேடினார்கள். முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"மாஸ்டர், கடல்ல முக்கி எடுத்தீங்களா? நாக்க எங்க வச்சிட்டு வந்தீங்க?"

மாஸ்டர் ஜன்னலுக்கு வந்தார். முதலாளியம்மாவை அவர் பார்க்கவில்லை. முதல் மேசையைப் பார்த்தார், துடைத்து வைத்ததுபோலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

"போன தடவையும் இப்பிடித்தான் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்ட" என்றார் மெதுவாக. "எதப் போட்டாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்ன."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழம."

"தங்கச்சி வீடுன்னியே."

"அவளுக்கும் தெரியாது."

அவர் எண்ணெய் படிந்த கையால் முகத்தைத் துடைத்தார். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. "உள்ள போங்க. அம்மா பாக்குறாங்க. கைதவறிக் கொட்டிடுச்சின்னு சொல்லுங்க, நம்புவாங்க. இல்லாட்டி வேல போயிடும்."

"போவட்டும்."

"போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றதாம்?"

"ரெண்டு பேருக்கும் நாக்கு இல்ல. என்னத்தப் போட்டாலும் எறங்கும்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. அவர் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். அடுத்த வாயை உருட்டி அவள் பக்கம் நீட்டினார். கல்யாணமாகிப் பிள்ளையில்லாமல் போன இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் இப்படிச் செய்கிறவர் இல்லை. அவள் வாங்கிக்கொண்டாள். தின்ன முடியாமல் ஒதுக்கிய தட்டுகளுக்கு நடுவே, அதே குழம்பை அவர்கள் இருவர் மட்டும் சாப்பிட்டார்கள்.

உள்ளே அடுப்பில் எதுவோ தீய ஆரம்பித்தது. டாக்சிக்காரர் நிமிர்ந்தார். ஆபீஸ்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடையில் இருந்த அத்தனை பேரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், முதல் மேசையில் இருந்த இரண்டு பேரைத் தவிர.