நாற்பதில் சேராத ஞாயிறு

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்த அந்தோணி பிரகாஷ், ஓலைச் சிலுவையை நிலைக்கதவில் செருகிக்கொண்டிருந்தபோது வீரமணியின் கார் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்து முதலில் ஒரு கால் இறங்கியது. அடுத்த கால் இறங்க நேரமாயிற்று. கதவைப் பிடித்து, இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி, அந்த இடது காலைத் தனியாக எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. நான்கு வருஷமாக அந்தோணி பார்க்காமல் தப்பித்து வந்தது இந்த ஒரு காட்சியைத்தான்.

“ஏன் குரு, தொப்ப போட்டுருச்சு?” என்றான் வீரமணி. யாரையும் ‘குரு’ என்று கூப்பிடும் பெங்களூர் பேச்சு அப்படியே இருந்தது.

வருகிறேன் என்று நேற்று வீரமணி போன் செய்ததிலிருந்து அந்தோணி, பூசை நேரத்தில்கூட, மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைத்தான் மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தான். அது இப்போது முதல் சொல்லோடு நின்றுவிட்டது. மனைவி ஜோஸ்பின்தான் முன்னால் வந்தாள். “வாங்கண்ணா, வூடு கண்டுபிடிக்கச் செரமமா இருந்துச்சுங்களா?”

“இல்ல தங்கச்சி. பென்னாகரத்துல ஒரு வேல. கொஞ்சம் சுத்துதான், வந்துட்டேன். கிளச்சு இல்லாத வண்டி, வலது காலு ஒண்ணு போதும்.”

முன்பு பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் இருவருக்கும் ஒரே கம்பெனி, சந்தாபுராவில் ஒரே அறை. தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். அந்தோணிக்கு அப்போது எல்லாவற்றிலும் ஒரு தீர்ப்பு இருந்தது. காற்றுப்போக ஓட்டை இல்லாத ஹெல்மெட் வெறும் சட்டி. முன் விளக்கு நாம் பார்ப்பதற்கு, பின் விளக்கு நாம் உயிரோடு வீடு சேர்வதற்கு. பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி போடுகிறவன் சைக்கிளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. சனிக்கிழமை ஆனால் இந்தத் தீர்ப்புகள் பீர் பக்கம் திரும்பும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வெளிநாட்டு பாட்டில் வாங்குவார்கள். அதை இரண்டு எவர்சில்வர் டம்ளரில் நுரை சிந்தாமல் ஊற்றுவது வீரமணியின் வேலை, குறை சொல்வது அந்தோணியின் வேலை. ஜெர்மன்காரன் கோதுமை பீரை அடி மண்டியைக் கலக்கி ஊற்ற வேண்டும். மெக்சிகோ பாட்டிலில் எலுமிச்சைத் துண்டைச் செருகுகிறவனுக்கு அந்த பீர் மேலேயே நம்பிக்கை இல்லை. பெல்ஜியம் பீர் இருமல் மருந்து. இந்தக் கடைசித் தீர்ப்பை மட்டும் வீரமணி ஒத்துக்கொண்டதே இல்லை. மொட்டை மாடியில் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து, டம்ளர் காய்ந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். வேலை விட்டு வந்த களைப்பும் உடம்பின் சூடும் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க மிதித்தது போலத் தோன்றும்.

பூட்டுப் பெடலும் அந்தோணியின் தீர்ப்புதான். செருப்பு போட்டு மிதிப்பதை விட்டுவிட்டு, அடியில் இரும்புக் கொக்கி வைத்த ஷூ போட்டால் கால் பெடலோடு பூட்டிக்கொள்ளும், மிதி வீணாகாது. குதிகாலைத் திருப்பினால்தான் விடும். “சிக்னல்ல கால் வரலன்னா?” என்று வீரமணி தயங்கினான். “பத்து நாள்ல பழகிரும், என்ன நம்புடா” என்றான் அந்தோணி. நான்காம் நாள், முன்னால் போன லாரி சட்டென நின்றபோது, வீரமணியின் கால் வரவில்லை. சைக்கிளோடு சாய்ந்தான். பின்னால் வந்த வண்டி முழங்காலுக்குக் கீழே ஏறியது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் கால் ஒரு அங்குலம் குட்டை.

இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிய அந்தோணி, வேலையை விட்டுச் சொந்த ஊரான அதியமான்கோட்டைக்கே வந்துவிட்டான். இப்போது தருமபுரியில் மருந்து மொத்தக் கடையில் வேலை. சாதாப் பெடல் போட்ட அதே சைக்கிளில் போய் வருகிறான். கடையில் கூட வேலை செய்யும் கவிப்பிரியா, “எந்த ஹெல்மெட் நல்லாருக்குங்கண்ணா?” என்று கேட்டால்கூட, “கடக்காரரக் கேளும்மா” என்பதோடு சரி.

வீரமணி பைக்குள்ளிருந்து செய்தித்தாள் சுற்றிய பாட்டிலை எடுத்தான். “பெல்ஜியம். மடத்துல சாமியாருங்களே காய்ச்சுறது.”

“சாமியாருங்களா?” ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். “நம்ம ஃபாதருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்.”

“தவக்காலம்டா” என்றான் அந்தோணி. பழக்கத்தில் வந்துவிட்டது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை நாற்பது நாள் அவன் கறியும் குடியும் தொடுவதில்லை.

வீரமணியின் முகம் மாறியது. “ஓ. மறந்துட்டேன். சரி வுடு.” செய்தித்தாளைத் தொடையில் விரித்து, பாட்டிலை மறுபடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான். அந்தோணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அது காருக்குள் போய்விட்டால் வீரமணி இனி வரமாட்டான் என்று தெரிந்தது.

“ஏங்க,” என்றாள் ஜோஸ்பின், சமையலறைப் பக்கமிருந்து. “ஞாயித்துக்கெழமைய நாப்பதுல சேக்க மாட்டாங்க. வேணும்னா எண்ணிப் பாருங்க.”

குடி வாசம் வந்தாலே பாயைத் தனியாகப் போடுகிறவள். இரண்டு டம்ளரைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

வீரமணி நுரை சிந்தாமல் ஊற்றினான். ஒரு மடக்கு குடித்ததும், “சொல்லு” என்றான்.

“நல்லாருக்கு.”

“நல்லாருக்கா? நீ இருமல் மருந்துன்னு சொல்லுவ, சண்ட போடலாம்னு நூத்திநாப்பது கிலோமீட்டர் வந்திருக்கேன்டா.”

“வீரா, அன்னைக்கு நான்…”

“கால வுடு. அது ஒடிஞ்சது, கட்டுனாங்க. ஆறு வாரம் படுத்திருந்தேன். பக்கத்து பெட்டுக்காரனுக்குப் போன் அடிச்சாகூட நீதான்னு திரும்பிப் பாத்தேன்.”

வாசலுக்கு அப்பால் சர்வீஸ் ரோட்டில் ஒரு டெம்போ போனது. வீரமணியே தொடர்ந்தான். “டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்றாரு. எந்தப் பெடல் போடலாம்?”

“கடக்காரர…”

“கடக்காரனா எங்கூட மிதிச்சான்? உன்னத்தான் கேக்குறேன்.”

அந்தோணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். சைக்கிளை உள்ளிருந்து உருட்டி வந்து ஜோஸ்பினிடம் ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னான். வீரமணி அவன் தோளில் கைபோட்டு ஏறி உட்கார்ந்தான்.

“செருப்பக் கழட்டு. கால் எவ்ளோ எட்டுதுன்னு பாக்கணும். பெடல் கீழ இருக்கறப்ப குதிகால வை.”

வலது குதிகால் சரியாக உட்கார்ந்தது. பெடலைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்தபோது இடது குதிகால் எட்டவில்லை. தைத்த தழும்பு கணுக்கால்வரை ஓடியிருந்தது. அந்தோணி மண்ணில் மண்டியிட்டு, இடைவெளியில் ஒரு விரல் வைத்துப் பார்த்தான். பிறகு உள்ளங்கையைப் பெடல்மேல் விரித்து, குதிகாலுக்கு அடியில் நுழைத்தான்.

“இப்ப மிதி.”

“கை வலிக்கும்டா.”

“மிதி.”

முதலில் குதிகாலின் சூடு மட்டும் தெரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலின் கனம் முழுவதும் அவன் உள்ளங்கையில் இறங்கியது.