கேமராவுக்குப் பின்னால் சிரிப்பவள்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. என் தம்பி எழுதச் சொன்னான். கதை எழுதுகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "என்னைப் பத்தி எதையும் எழுதித் தொலைக்காதே" என்பதுதான். இவன் தலைகீழ். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னான்:

"அக்கா, யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. நீதான் கதை எழுதுறவளாச்சே. அந்த வீடியோ ஏஜென்சில கையெழுத்துப் போட்டா என்ன ஆகும், போடாம சேனலைத் தனியாவே ஓட்டினா என்ன ஆகும், ரெண்டையும் எழுதிப் பாரு. எது நல்லா முடியுதோ அதையே செஞ்சுடறேன்."

"டேய், நான் என்ன ஜோசியக்காரியா?"

"ஜோசியக்காரி காசு கேப்பா. நீ கேக்க மாட்டே."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்று சனி. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"புகழின் வாசலில் நின்ற அந்த இளைஞனின் முன்னே இரண்டு பாதைகள் பிரிந்து—"

வேண்டாம். இவனை இளைஞன் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்கிற வேலை அவனுக்கு. மற்ற நேரத்தில் மேல்வீட்டம்மா என்று ஒரு வேஷம் கட்டி வீடியோ போடுகிறான்.

அடுத்து:

"மேல்வீட்டம்மா பிறந்தது ஒரு மழைநாளில்—"

பொய். அன்று நல்ல வெயில். [கதை கொஞ்சம் தொய்ந்தால் மழையைக் கூப்பிடுவது என் பழைய வியாதி.]

நடந்தது இதுதான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நானும் அவனும் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மேல்வீட்டில் ஓர் அம்மா. தண்ணீர்க் குழாய், செருப்புச் சத்தம், தும்மல், எதுவானாலும் படியிறங்கி வந்து பஞ்சாயத்து வைப்பார். ஒருநாள் அவர் திரும்பிப் போன கையோடு, தம்பி குளியல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து என் முன்னால் வந்து நின்றான்.

"இதோ பாரும்மா, நான் குறை சொல்றேன்னு நினைச்சுக்காதே. குறையைத்தான் சொல்ல வந்தேன்."

என் கையில் போன் இருந்தது. எடுத்தேன். அடக்க முடியாமல் சிரித்ததில் கை ஆடி, பாதி வீடியோவில் மின்விசிறிதான் தெரிகிறது. அவன் அதை அப்படியே போட்டுவிட்டான். பார்த்தவர்கள் எழுதினார்கள்: "யாருங்க அது பின்னாடி சிரிக்கிறது?" "அந்த அக்காவுக்காகவே மறுபடி பார்த்தேன்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் எங்கள் வேலை. ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் எடுக்க வேண்டும். தெருச் சத்தம் வராமலிருக்கக் கதவின் அடியில் தலையணையைச் செருகுவோம். கொடியில் காயும் துணியை ஓரமாகத் தள்ளுவோம். ஒருமுறை போனை வைக்க ஸ்டாண்டு ஒன்று வாங்கி வந்தான். நானே பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டாண்டில் அவன் சட்டைகள் காய்ந்தன. கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்கு வந்தபிறகும் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்த அறையில் இருந்தோமே, அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.*

* என் கணவர் இந்த வரியைப் படித்துவிட்டு, "பின்னும் இல்லையா?" என்று கேட்டார். வரி அப்படியே இருக்கட்டும்.

3

ஏஜென்சிப் பெண்ணை எழுதுவதில்தான் சறுக்கினேன். முதல் வரைவில் அவருக்கு நீண்ட நகங்கள் வைத்தேன், உதட்டளவில் ஒரு சிரிப்பு, உள்ளே ஒரு கணக்கு. போனில் தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏன்க்கா அவங்களைச் சூனியக்காரி ஆக்குறே? பாவம், ஜலதோஷத்தோட வந்தாங்க. ரெண்டு டம்ளர் சுடுதண்ணி குடிச்சாங்க. நீதானே போட்டுக் குடுத்தே?"

ஆமாம், நான்தான் கொடுத்தேன். சரி, உள்ளபடியே எழுதுகிறேன். வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினார். விளம்பரக்காரர்களிடம் பேசுவது, வராத பணத்தை வசூலிப்பது, வீடியோவை வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. வருவதில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஒளித்துப் பேசவில்லை. நடுவே தம்பி மேல்வீட்டம்மாவாக இரண்டு வரி பேசிக் காட்டினான். அவர் சிரித்தார். நான் எந்த இடத்தில் சிரிப்பேனோ சரியாக அந்த இடத்தில் சிரித்தார். நீண்ட நகங்கள் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா சிரிப்பு இல்லாம இந்தச் சேனலே இல்ல. அதனால நீங்க ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாப் போதும். பெரிய சிரிப்பு, சின்னச் சிரிப்பு, அடக்கிக்கிட்டுச் சிரிக்கிறது, எல்லாத்தையும் பதிவு பண்ணி வச்சுப்போம். வேணுங்கிற இடத்துல சேர்த்துக்கலாம். நீங்க வாராவாரம் பஸ்ல அலைய வேண்டாம் பாருங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

4

[இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அது நியாயமில்லை.]

அவன் ஒண்டி ஆள். வசனம் எழுதுவது, துண்டு கட்டுவது, நடிப்பது, வெட்டுவது, எழுத்துப் போடுவது எல்லாமே அவன். ஒரு ஷாம்புக் கம்பெனி, துண்டு நிறம் பிடிக்கவில்லை, துண்டு சின்னதாக இருக்கிறது, துண்டே வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எடுக்கவைத்துவிட்டு, கடைசியில் விளம்பரப் பணம் கேட்டபோது போனையே எடுக்கவில்லை. கிளினிக்கில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து டாக்டரிடம் பேச்சு வாங்கினான்.

"வசனம் வாயில வருதுக்கா, மனசுல வரமாட்டேங்குது. நீ சிரிச்சாத்தான் சரியா வந்திருக்குன்னே எனக்குத் தெரியுது" என்றான் ஒருநாள்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடேன்."

"போட்டா நீ வரமாட்டியே."

அவன் துண்டைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனான்.

5

முடிவு ஒன்று. கையெழுத்துப் போடவில்லை.

இதைத்தான் முதலில் எழுதினேன், ஆசையாக. ஞாயிறு. நான் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். கதவடியில் தலையணை. ஜன்னலில் வெளிச்சம். அவன் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். "இதோ பாரும்மா, நான் குறை சொல்றேன்னு—" அடுத்த வார்த்தை வரவில்லை. "ஒரு நிமிஷம்க்கா" என்று கட்டிலில் உட்காருகிறான். உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறான், தலையில் துண்டோடு. நான் போனை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறேன். என் கை ஆடவே இல்லை.

இதற்குமேல் எழுதிப் பார்த்தேன். "சற்று நேரத்தில் விழித்த அவன், புதுத்தெம்போடு—"

வரவில்லை. அவனை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

6

முடிவு இரண்டு. போட்டுவிட்டான்.

ஸ்டூடியோவில் என்னை மைக்கின் முன் நிறுத்தி, "சிரிங்க மேடம்" என்கிறார்கள். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் வருகிறது. எப்படியோ ஒப்பேற்றிக்கொள்கிறார்கள். அடுத்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை. துணி மடிக்கிறேன். மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன். சாயங்கால வெளிச்சம் சுவரில் இறங்குகிறது.

இங்கேயே முடித்துவிடத்தான் நினைத்தேன். ஒரு வரி சேர்த்தால் போதும், படிக்கிற எவரும், அவன் உட்பட, "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். ஆனால் எழுதிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. அழைப்பு மணி அடிக்கிறது. தம்பி. நன்றாகத் தூங்கியெழுந்த முகம். ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாகிறது! செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிக்கிறான்.

"நேத்து கிளினிக்ல ஒருத்தர், பிடுங்கின பல்லைக் குடுங்கன்னு ஒரே சண்டைக்கா. எதுக்கு சார்னு கேட்டா, 'என் பல்லு, நான்தானே வளர்த்தேன், உங்க டாக்டர் எதுக்கு வச்சுக்கறாரு?'ங்கறார்."

அவரைப் போலவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன். எங்கள் இருவர் கையிலும் போன் இல்லை.

அதற்குப்பின், "அவன் போனதும் வீடு வெறிச்சோடிக்கிடந்தது" என்று ஒரு வரி சேர்த்தேன். அடித்தேன். மறுபடி சேர்த்தேன். அந்த ஒரு வரி இருந்தால் அவன் கையெழுத்துப் போடமாட்டான், நானும் பஸ் ஏறலாம். மறுபடி அடித்துவிட்டேன்.

7

இதோ, அவனே கூப்பிடுகிறான். பின்னால் பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தம்.

"முடிச்சிட்டியா?"

"ரெண்டு முடிவு எழுதிட்டேன்."

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டுமே சுமார்தான்டா. எழுதினவளுக்குத் தெரியாது."

"கதை விடாதே."

"விடலடா."

பின்னால் இயந்திரம் நின்றது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எந்த முடிவுலக்கா நீ சிரிக்கிறே?"

இதுவரை நான் பதில் சொல்லவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவன் லைனில் காத்திருக்கிறான், "அக்கா? அக்கா?" என்று கூப்பிடுவது உங்களுக்கும் கேட்கும். இரண்டையும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். போனை உங்கள் கையில் தருகிறேன். அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.