யாரோ ஒருவருடைய மூன்று வருட அனுபவம்

யமுனாவுக்கு இன்டர்வியூ என்றால் நடுக்கம். அவள் கணவன் தமிழ்மணிக்கோ கொண்டாட்டம், ஏனென்றால் அவன் ஒன்றுக்கும் போனதில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு யார் இன்டர்வியூ வைக்கிறார்கள்? ஒரு வாரமாக, காலை டிபன் முடிந்ததும் லுங்கியோடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்டே அவள் உயிரை வாங்கினான்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்.”

“ஆறு வருஷமா உங்களுக்கு வடிச்சுக் கொட்டறேன்.”

“இப்படிச் சொன்னா எவன் வேலை குடுப்பான்?”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் நான்கு வருடம் கணக்குப் பார்த்தவள் யமுனா. மகள் பிறக்கப்போகும் சமயத்தில் நின்றுவிட்டாள். இப்போது மகள் ஸ்கூலுக்குப் போகிறாள். ஒருவர் சம்பாத்தியத்தில் ஃபீஸ் கட்டி மாளவில்லை. கே.கே. நகரில் மோட்டார் பம்ப் ஏஜென்சியில் அக்கவுண்டன்ட் வேலை. இதை விட்டால் வேறு வழியில்லை.

இன்டர்வியூ அன்று ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஃபைலைத் திறந்தாள். பயோடேட்டாவை ஒரு ஜெராக்ஸ் கடையில் அடிக்கச் சொல்லி, கம்பெனிக்கு மெயிலும் அனுப்பியது தமிழ்மணிதான். அவள் அதை முழுசாகப் படிப்பதே அப்போதுதான். நடுவில் ஒரு வரி இருந்தது: எஸ்.ஏ.பி. மென்பொருளில் மூன்று வருட அனுபவம்.

அவளுக்குப் பகீரென்றது. பெரிய கம்பெனிகள் கணக்குக்கு வைத்திருக்கும் மென்பொருள் அது. பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி, அவளுக்குத் தெரிந்தது டாலி மட்டும்தான். உடனே கணவனுக்குப் போன் போட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

“ஐயையோ! கடைக்காரரு யாரோட பயோடேட்டாவுலயோ உன் பேரையும் விவரத்தையும் மாத்தினாரு. அது மட்டும் அப்படியே நின்னுருச்சு போல,” என்றான். “நீ பயப்படாத, நான் ஏதாவது பண்றேன்.”

“நீங்க பண்ணது போதுங்க,” என்று போனை சைலன்ட்டில் போட்டாள்.

ஆமாம், தெரியும் என்றால் அடுத்த கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தெரியாது என்றால் அப்புறம் ஏன் போட்டாய் என்பார்கள். ஜங்ஷனில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கும்போது, பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. ஏறிவிட்டாள்.

அங்கே அவள் முறை நான்காவது. உள்ளே அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மகாலட்சுமி, ஐம்பது வயதுக்காரர், “உட்காருங்கம்மா,” என்றார்.

யமுனா உட்காரவில்லை. “மேடம், என் பயோடேட்டாவுல ஒரு வரி தப்பு. எனக்கு எஸ்.ஏ.பி. தெரியாதுங்க. கடையில அடிச்சப்ப வந்துருச்சு. நானும் பாக்காம விட்டுட்டேன்.”

மகாலட்சுமி மேஜையிலிருந்த மூன்று தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றிலும் அதே வரி, அதே இடத்தில்.

“உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் ஸ்ரீரங்கம்தான். ஒரே கடை போலிருக்கு. ஒருத்தர் நல்லாவே தெரியும்னாரு. ஒருத்தர் கிளாஸே எடுத்திருக்காராம். இன்னொரு பொண்ணு, கத்துக்கிட்டுதான் இருக்கேன்னுச்சு. எங்ககிட்ட அந்தச் சனியனே கிடையாதும்மா! டாலிதான்.”

யமுனா இப்போது உட்கார்ந்தாள்.

“பேங்க் ஸ்டேட்மென்ட்டும் நம்ம புக்கும் ஒத்துப்போகல. முதல்ல எதைப் பாப்பீங்க?”

“நாம குடுத்து இன்னும் பாஸாகாத செக்குங்க மேடம். அப்புறம் பேங்க்காரங்க பிடிச்ச சார்ஜு.” நான்கு வருடம் தினமும் செய்த வேலை, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் பத்துக் கேள்விகள் வந்தன. இரண்டுக்குத் தெரியாது என்றாள். அதைச் சொல்ல இப்போது பயமே இல்லை.

“திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடுங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மூச்சு விட்டாள். அப்பாடா! இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. போனை எடுத்தால் பதினோரு மிஸ்டு கால். கூப்பிட்டாள்.

“யமுனா, உள்ள போயிட்டியா? போகலைன்னா இரு.” தமிழ்மணிக்கு மூச்சு வாங்கியது. “வேலையைப் போட்டுட்டு ஒரு மணி நேரமா யூடியூப்ல அந்த எஸ்.ஏ.பி.யப் பாத்தேன். இங்கிலீஷ்ல என்னமோ சொல்றான், பாதி புரிஞ்சுது. ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கேன். மெதுவா படிக்கிறேன், நீ அப்படியே எழுதிக்கோ.”

அவன் பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயிலானவன். யமுனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“படிங்க,” என்றாள்.