தூக்காத கைகள்

கடலுக்கு அப்பால், கிழக்கே பிறை என்ற ஊரின் கரை இன்னும் இருட்டாகவே இருந்தது. அதற்குள் துறைமுகத்தில் கொப்பரை நாற்றம் எழுந்துவிட்டது. படித்துறையில் சாக்குகள் குவிந்து கிடந்தன. ரோசம்மா காலை அகட்டி உட்கார்ந்து, கோணி ஊசியில் சணலைக் கோத்து, பிளந்த சாக்கின் வாயை இழுத்து இழுத்துத் தைத்தாள். இழுக்கும்போதெல்லாம் சணல் விரலில் இருந்த பழைய வெட்டுக்குள்ளேயே போய் உரசியது. பக்கத்தில் வடிவம்மாள், அவளுக்கு அப்பால் வரிசையாக மற்றப் பெண்கள். தைத்து முடித்த சாக்கை ஆண்கள் முதுகில் வாங்கி, ஆடும் பலகை வழியே ஓடித் தொங்கானில் இறக்கினார்கள். அந்தச் சரக்குப் படகு நிறைந்ததும், தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் போகும். கப்பலின் வயிற்றுக்குள் இன்னொரு கூட்டம் காத்திருக்கும்.

அந்த மாதம் பினாங்குத் துறைமுகத்தில் எங்கே திரும்பினாலும் இருமல் கேட்டது. ஐரோப்பாவில் மகாயுத்தம் முடியப்போகிறது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். யுத்தம் முடிவதற்குள் ஒரு விஷக்காய்ச்சல் கப்பலேறி வந்து இறங்கிவிட்டது. தலை வலிக்கிறது என்று படுத்தவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை.

ரோசம்மாவின் புருஷன் மைக்கேலுக்கு அன்று காலை எழுந்தபோதே உடம்பு கொதித்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் தண்டல் பால்ராஜின் எதிரே போய் நின்று, அவன் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினான். பால்ராஜ் கையை உருவிக்கொண்டான்.

"காய்ச்சல்னு வெளியே சொன்னே, சீக்காளிங்களை அடைச்சு வைக்கிற ஜெரெஜாக் தீவுக்கு உன்னை ஏத்திடுவாங்க. கப்பலையும் நிறுத்திடுவாங்க. வேலைக்கு வர்றதுன்னா வா. இல்லேன்னா பாயைச் சுருட்டிக்கிட்டு ரூமை விட்டுப் போ."

மைக்கேல் தொங்கானில் ஏறினான். ரோசம்மா ஊசியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகின் விளிம்பைப் பிடித்து நின்ற அவன் தோள் குலுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது.

பால்ராஜும் ஒரு காலத்தில் சாக்கு சுமந்தவன்தான். கண்ட்ராக்டருக்கு ஆள் கொடுக்கிற தண்டல் வேலை அவனுக்கு வந்தது. அதோடு தொழிலாளிகளின் சகாய சபைக்கும் அவனே தலைவனானான். குயின் ஸ்திரீட்டில் அவர்கள் அத்தனை பேரும் படுத்துக் கிடந்த கூட்டுவீடு சபையின் பேரில் இருந்தது. அதனால் யாருக்கு வேலை, யாருக்குப் படுக்க இடம் என்பதெல்லாம் அவன் வாய்ச்சொல்லில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் படித்துறையில் கூடுவார்கள். கூடியவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் அவன்தான் மறுபடி தலைவன். அவனைப் பிடிக்கும் என்பவர்கள் இப்போது மிகச் சிலர். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கைகள் உயர்ந்தன. உயராத கையை அவன் ஞாபகம் வைத்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் தெரியும்.

உச்சி வெயிலில் தொங்கான் திரும்பி வந்தது. வழக்கமாக அது காலியாகத்தான் வரும். அன்று நடுவில் மைக்கேலைக் கிடத்தியிருந்தார்கள். கப்பலில் மூட்டை இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிற ஹபீப் முகம்மது படகிலிருந்து குதித்து, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான்.

"தங்கச்சி, கப்பல் அடியிலே மூட்டை மேலே சாய்ஞ்சு உட்கார்ந்தான். தண்ணி வேணுமான்னு கேட்டேன். பதிலே இல்லை. கீழே எறங்கிப் பார்த்தா..."

ரோசம்மா அழவில்லை. மைக்கேலின் நெற்றியில் கை வைத்தாள். இன்னும் சூடு மிச்சமிருந்தது.

சாயங்காலம் பால்ராஜ் கூட்டுவீட்டுக்கு வந்தான். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டாமல் நின்றான்.

"என்னம்மா செய்றது. கால் வழுக்கி விழுந்துட்டான்."

"வழுக்கல."

"நான் சொல்றதைக் கேளு. வழுக்கி விழுந்தான்னு சொன்னா சபை செலவுலே நல்லடக்கம். பேண்டு வாத்தியம், குருசு, பூசை எல்லாம் நான் பார்த்துக்கிறேன். இங்கே நீ படுக்கிற மூலையும் உனக்கே இருக்கும். காய்ச்சல்னு சொன்னியானா கப்பல் நிக்கும், கண்ட்ராக்ட் போகும், இத்தனை பேர் வாயிலே மண்ணு விழும். உன்னாலே."

"என்னாலேயா?"

"வேற யாராலே?"

"காலையிலே உங்க கையை எடுத்துத் தன் நெத்தியிலே வெச்சாரே. சுடலையா உங்களுக்கு?"

பால்ராஜ் துண்டை இறக்கினான். குரலும் இறங்கியது. "மாதா கோயில்லே ஒண்ணா முழங்கால் போடுறவங்க நாம. உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை ரோசம்மா. ஒரே ஒரு வார்த்தையை விட்டுடச் சொல்றேன்."

"அந்த வார்த்தையிலேதான் அவர் செத்தார். அதை விட மாட்டேன். எறங்கிப் போங்க."

அவன் போனதும், ஓரமாக நின்ற மாட்டுவண்டிக்காரன் அப்துல் ரஹீம் முன்னால் வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்ணனை என் வண்டியிலே ஏத்தி, தெருத் தெருவா கொண்டுபோய், தண்டல் வீட்டு வாசல்லே எறக்குறேன். ஊரே கூடும். அதோட அவன் கதை முடிஞ்சுதுலா."

ரோசம்மாவுக்கும் நெஞ்சுக்குள் அதே நெருப்புதான் எரிந்தது. அந்த வண்டிக்குப் பின்னால் தலைவிரிகோலமாக நடக்கவும், பால்ராஜின் முகத்தில் காறித் துப்பவும் அவள் உடம்பு முழுக்கத் துடித்தது. ஆனால் சுவரோரம் படுத்திருந்தவர்களை அவள் பார்த்தாள். யாரோ ஒருவன் போர்வைக்குள் இருமினான்.

"வேணாம் தம்பி. ஊர் கூடினா எத்தனை பேருக்கு ஒட்டும்? யார் செத்தாலும் பரவால்லே, என் காரியம் ஆகணும்னு நினைச்சவன் பால்ராஜ். அதையே நாம செய்யக் கூடாது."

மைக்கேலை வாத்தியமில்லாமல் அடக்கம் செய்தார்கள். ஏன் இறந்தான் என்று குழிமேட்டில் கேட்ட பாதிரியாரிடம் ரோசம்மா எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். "காய்ச்சல், சாமி. காய்ச்சலோட வேலைக்கு அனுப்பினாங்க."

மறுநாள் வண்டிக் கொட்டடியின் பின்னால், காற்றோட்டமான இடத்தில், நான்கு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஹபீப் முகம்மது இந்த முறை தானே தலைவர் பதவிக்கு நிற்பதாகச் சொன்னான். சொல்ல வேண்டியதையெல்லாம் மனத்தில் அடுக்கி வைத்திருந்தான்.

"கூரை ஒழுகுது. குழாய்லே தண்ணி இல்லே. வேலையைத் தன் சொந்தக்காரங்களுக்கே கொடுக்கிறான். கேட்டா அடிக்கிறான். ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுத்துப் பேசுவோம்."

"எல்லாத்தையும் பேசினா அவன் எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பான் அண்ணே," என்றாள் ரோசம்மா. "கூரையை அடுத்த மாசம் மாத்துறேம்பான். குழாய்க்கு முனிசிபாலிட்டியைக் கைகாட்டுவான். ஒண்ணே ஒண்ணு பேசுங்க. காய்ச்சல்காரனைக் கப்பலுக்கு அனுப்பக் கூடாது. அதுக்கு மட்டும் அவன்கிட்ட பதிலே கிடையாது."

வடிவம்மாள் தலையாட்டினாள். வயதில் மூத்தவள், பேச்சில் கறார். "நான் தினமும் படுத்திருக்கிறவங்களுக்குக் கஞ்சி கொண்டுபோறேன். இப்பவே சொல்லிடுறேன். கஞ்சி ஊத்துற இடத்துலே எவனும் ஓட்டுக் கேக்கக் கூடாது. கேட்டா அடுப்பை அணைச்சுடுவேன்."

"பின்னே எங்கேதான் கேக்குறது?" என்றான் ரஹீம்.

"நிக்க முடியிறவன்கிட்ட கேளு. குழாயடியிலே கேளு, படித்துறையிலே கேளு. தண்டல் காதுலே விழுற மாதிரி கேளு."

அப்படித்தான் கேட்டார்கள். சாக்குத் தைக்கும் பெண்கள் தள்ளித் தள்ளி உட்காருபவர்கள். வாய் வேலை செய்ய, கை நிற்காது. ஒருத்தி சொன்னது அடுத்தவளுக்குப் போனது. அவள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூட்டை முதுகில் ஏறும்போது சொன்னார்கள், இறங்கும்போது சொன்னார்கள். காய்ச்சல்காரனைக் கப்பலுக்கு அனுப்பக் கூடாது. தமிழ் தெரியாத சீனப் படகோட்டிகளுக்கு ஹபீப் எல்லோருக்கும் பொதுவான சந்தைப் பேச்சான பாசார் மலாயில் சொன்னான். அவர்களில் ஒரு கிழவர் மூன்று விரலைக் காட்டிப் பிறகு மண்ணைக் காட்டினார். அவர் வீட்டிலும் சாவு விழுந்திருந்தது.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள் என்றில்லை. "உனக்குப் புருஷன் போயிட்டான், இனி போறதுக்கு ஒண்ணுமில்லே. எனக்கு நாலு பிள்ளைங்க இருக்கு," என்று ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோசம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊசியைச் சாக்கில் குத்தினாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனை அப்படிப் பேச வைத்தவன் மேல் வந்த கோபம்தான் இன்னும் கெட்டிப்பட்டது.

பால்ராஜின் காதுக்கு எல்லாம் எட்டியது. அவன் கெட்டிக்காரன். வாரக் கடைசியில் அறிவித்தான்: நோய் பரவுவதால் இனி நான்கு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. ஊர் நிலைமை சரியில்லாததால் இந்த வருஷத் தேர்தலும் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காது. வருகிற ஞாயிறு, பூசைக்கு முன்னால், படித்துறையில் நடக்கும்.

"நாலு பேர் நின்னா நோய் வருமாம்," ரஹீம் பல்லைக் கடித்தான். "கப்பல் அடியிலே நாப்பது பேரை அடைச்சா வராதாம்."

ஹபீப்தான் மிகவும் தளர்ந்துபோனான். "நம்ம ஆளுங்கள்லே பாதிப் பேர் படுக்கையிலே கிடக்காங்க. மிச்சமிருக்கிறவங்க எனக்குன்னு கை தூக்கினா, அன்னிக்கே வெளியே தள்ளிடுவான். யார் தூக்குவா? தோத்துட்டோம்."

ரோசம்மா கேட்டாள். "நீங்க நிக்காட்டி?"

"என்னது?"

"நீங்க நிக்க வேணாம். உங்களுக்காக யாரும் கை தூக்க வேணாம். அவனுக்காகவும் தூக்க வேணாம். பாதிக்கு மேலே கை எழும்பலைன்னா அவன் தலைவன் இல்லே. கையைத் தூக்கத்தான் துணிச்சல் வேணும் அண்ணே. தூக்காம இருக்க, பக்கத்திலே ஒரு ஆள் இருந்தாப் போதும்."

"பயந்தவன் தூக்கிடுவானே அக்கா," என்றான் ரஹீம்.

"பக்கத்து ஆள் அவன் கையைப் பிடிச்சுக்கட்டும்."

ஞாயிறு விடிந்தது. ஞாயிறென்றாலும் கப்பல் காத்திருக்காது. படித்துறையில் சாக்குகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. படுக்கையில் கிடந்தவர்களை யாரும் தூக்கி வரவில்லை. வரவே கூடாது என்று வடிவம்மாள் வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். வந்தவர்கள் வாயிலும் மூக்கிலும் துணி கட்டி, தள்ளி நின்று ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பிடித்தபடி நீளமாக வரிசை கட்டி நின்றார்கள். ஆண்களும் பெண்களும் கலந்து நின்றார்கள். ரோசம்மாவின் ஒரு கையை ஹபீப் பிடித்திருந்தான். மறு கையை, நாலு பிள்ளைகளைப் பற்றிப் பேசியவன் பிடித்திருந்தான். அவன் உள்ளங்கை வேர்த்து வழிந்தது.

பால்ராஜ் சாக்கு அடுக்கின் மேல் ஏறி நின்றான்.

"நேரமில்லே. கப்பல் நிக்குது. நான் தலைவனா இருக்கச் சம்மதமுள்ளவங்க கை தூக்குங்க."

அவனுடைய சொந்தக்காரர்கள் சிலர் தூக்கினார்கள். வேறு யாரும் தூக்கவில்லை. பால்ராஜ் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். ஒவ்வொரு முகமாக நின்று நின்று பார்த்தான். ரோசம்மாவைப் பிடித்திருந்த நாலு பிள்ளைக்காரனின் கை ஒருமுறை உதறி மேலெழும்பியது. அவள் இறுக்கினாள். அது அடங்கியது. பிறகு அதுவே அவள் கையை இறுக்கிப் பிடித்தது.

"காது கேக்கலையா உங்களுக்கு? சரி. என்னை எதிர்த்து நிக்கிறது யாரு? பேரைச் சொல்லுங்க."

ஹபீப் அசைந்தான். ரோசம்மா அவனை விடவில்லை. அவளே பேசினாள்.

"எதிர்த்து யாரும் நிக்கலை தண்டலய்யா. நீங்க வேணாம்னுதான் எல்லாரும் நிக்கிறோம்."

"அப்போ யார்தான் வேணும்?"

"படுத்திருக்கிறவங்க எழுந்து வரட்டும். அவங்களையும் கேட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் காய்ச்சல்காரன் எவனும் கப்பலுக்குப் போக மாட்டான்."

பால்ராஜின் முகம் கறுத்தது. "சாயங்காலத்துக்குள்ளே உன் மூலையைக் காலி பண்ணு."

"என் மூலையையும் காலி பண்ணச் சொல்லுங்க," என்றான் வரிசையில் ஒருவன். அவனுக்கு அடுத்தவன் அதையே சொன்னான். அதற்கடுத்து ஒரு பெண். யாரும் கத்தவில்லை. சாதாரணக் குரலில் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். தூக்கியிருந்த கைகளில் ஒன்றிரண்டு மெல்லக் கீழே இறங்கின.

கப்பல் ஊதியது. வெல்ட் கீ என்ற துறைமுகச் சாலை வழியாகக் கண்ட்ராக்டரின் கணக்கெழுதும் கிராணி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். அடுக்கிய சாக்குகளையும், அசையாமல் நின்ற மனிதர்களையும் பார்த்தான்.

"என்னய்யா இது தண்டல்? ஏன் இன்னும் ஏத்தலை?"

"ஒண்ணுமில்லே சார். சின்ன விஷயம். இதோ ஏத்திடுறோம்," என்ற பால்ராஜ் வரிசையைப் பார்த்துச் சீறினான். "போலீஸைக் கூப்பிடவா? கலையுங்க. வேலைக்கு வராதவன் இன்னியோட தொலைஞ்சான்."

கிராணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டான். "இவங்கள்லே யாருக்காவது சீக்கு கீக்கு இருக்கா?"

"யாருக்கும் இல்லே சார்."

வரிசையின் நடுவில் ஒருவன் இருமினான். துணியை வாயிலிருந்து இறக்கினான். மூட்டை சுமக்கிற ஆள். இத்தனை காலத்தில் தண்டலுக்கு எதிரே அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்குக் காய்ச்சல்," என்றான் அவன். "நேத்து ராத்திரியிலேருந்து."

தனக்கே காய்ச்சல் என்று கண்ட்ராக்டரின் ஆள் காதுபட யாரும் அதுவரை படித்துறையில் சொன்னதில்லை. கிராணி இரண்டடி பின்னால் போனான்.

"வீட்டுக்குப் போய்ப் படு தம்பி," என்று வடிவம்மாள் அங்கிருந்தே சொன்னாள். "பின்னாலேயே கஞ்சி கொண்டு வர்றேன்."

அவன் தயங்கினான். தன் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு, யாரையும் உரசாமல், குயின் ஸ்திரீட் பக்கம் மெல்ல நடந்தான். அவனைத் தடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. பின்னால் தொங்கானில் சீனக் கிழவர் துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, கயிற்றைத் தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

போலீஸ் வரலாம். நாளைக்கே வேறு ஆட்களைக் கொண்டு வரலாம். சாயங்காலம் எங்கே படுப்பது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. ரோசம்மாவுக்கும் தெரியாது.

போனவன் விட்டுப்போன இடத்தில் வரிசை அறுந்து கிடந்தது. அதன் இரு பக்கத்திலும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆளுக்கு ஓரடி நகர்ந்து, எட்டி, கையைப் பிடித்துக்கொண்டார்கள்.