ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்

ஊரடங்கின் இரண்டாம் மாதத்தில் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை கிடையாது. மகன்கள் இருவரும் ஆளுக்கொரு படுக்கையறையில் அலுவலகம் நடத்தினார்கள். பேத்தியின் பள்ளிக்கூடம் சாப்பாட்டு மேசையில். மருமகள்கள் கூடத்தில் துணி மடித்தார்கள். நடுவே நாற்காலியில் நான். எனக்குக் காது மந்தம். என் கைபேசி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும்.

இந்த நிலையில்தான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது.

மலத்தில் இரத்தம் போவதை நான் ஒரே ஒருவருக்குத்தான் தெரிவித்திருந்தேன், குடும்ப மருத்துவருக்கு. அதையும் வாயால் சொல்லவில்லை, தாளில் எழுதி நீட்டினேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க அவர் தேதி வாங்கித் தந்தார். நோய்த்தொற்று வந்து அந்தத் தேதியை விழுங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஐயா, நர்ஸ் பேசறேன். உங்க பரிசோதனை தள்ளிப்போச்சு இல்லையா? இப்ப எப்படி இருக்கீங்க?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"ஏதாவது தொந்தரவு?"

"ஒண்ணுமில்லை. என் இடத்தை முடியாதவங்க யாருக்காவது குடுத்துடுங்க."

என்ன பரிசோதனை என்பதுபோல் மூத்த மருமகள் நிமிர்ந்தாள். "கண்ணுக்கு" என்றேன். அது அந்தப் பக்கம் நர்ஸுக்கும் கேட்டிருக்க வேண்டும். வேறொருத்தியாக இருந்தால் என் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரை அழைத்திருப்பாள்.

"ஐயா, சுத்தி ஆளுங்க இருக்காங்களா?"

"ஆமா."

"ஸ்பீக்கரை அணைச்சுட்டு போனைக் காதுல அழுத்தி வைங்க. நான் கத்திக் கேக்கறேன். நீங்க ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

அப்படியே செய்தேன். முகக்கவசத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள். "இன்னும் ரத்தம் போகுதா?" பின்னால் யாரோ, "யாருக்குடி இந்தக் கச்சேரி?" என்று சிரித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. என் மானம் என் கூடத்தில் நிற்பதற்காகத் தன் மானத்தைத் தன் அலுவலகத்தில் ஏலம் விட்டாள்.

"ஆமா" என்றேன்.

"எடை குறைஞ்சிருக்கா? பெல்ட்ல புது ஓட்டை போட்டீங்களா?"

"ரெண்டு."

"என்ன ரெண்டு, மாமா?" என்றாள் இளைய மருமகள்.

"மாத்திரை."

"கடைசிக் கேள்வி. உங்க குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்துச்சா?"

அப்பாவுக்கு இருந்தது. அண்ணனுக்கும், நாற்பத்தாறு வயதில். அப்பா வயிற்றுவலியால் போனார், அண்ணன் மாரடைப்பால் போனார் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். பெண் கொடுத்து எடுக்கும் குடும்பம். அந்தச் சொல் எங்கள் வாசற்படி தாண்டியதில்லை.

"இல்லை."

அவள் வற்புறுத்தவில்லை. நிலைமையைச் சொன்னாள். முன்பு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்குக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். இப்போது ஒவ்வொருவருக்கும் பிறகு அறையின் காற்று மாறக் காத்திருப்பதால் நான்கே பேர். யார் முதலில் என்பதை, வீட்டிலேயே மலத்தைத் தொட்டு அனுப்பும் ஒரு சிறு குச்சி தீர்மானிக்கும். அது தபாலில் வந்தது. ஏழு உறை போட்டுத் திருப்பி அனுப்பினேன். "நகை அனுப்பின மாதிரி இருந்துச்சு ஐயா, பிரிக்கவே கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ரத்தத்தோட அளவு ரொம்ப அதிகம். வியாழக்கிழமை வந்துடுங்க" என்றாள்.

அன்று குழாய் விட்டுப் பார்த்ததில் புற்றுக்கட்டி தெரிந்தது. அதற்குமேல் வீட்டில் மறைக்க முடியவில்லை. "குடலில் ஒரு கட்டி" என்றேன், அவ்வளவுதான். தொற்று நோயாளிகளே இல்லாத தனிக் கட்டடத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. துணைக்கு யாரையும் விடவில்லை. அந்த ஆறு நாளும் தன் வேலை முடிந்ததும் அவளே என் மகன்களை அழைத்து நிலைமையைச் சொன்னாள் என்று பிறகுதான் அறிந்தேன்.

வீடு திரும்பும் நாள் காலை, தலை முதல் கால்வரை மூடிய உருவம் ஒன்று கட்டிலருகே வந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"ஐயா, அந்தக் கடைசிக் கேள்வியை மறுபடி கேக்கறேன். உங்களுக்காக இல்ல. பசங்களுக்கு என்ன வயசு?"

"மூத்தவனுக்கு நாற்பத்திரண்டு." அதைச் சொன்னதும் அண்ணனின் வயது நினைவுக்கு வந்தது. "அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதுதாம்மா" என்றேன்.

அவள் என்னைக் கண்டிக்கவில்லை. "பசங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என் வீட்டு விஷயம். நானே சொல்றேன்."

இரண்டு மகன்களும் காருடன் வாசலில் நின்றார்கள். ஏறி உட்கார்ந்ததும், வண்டியை எடுக்க விடாமல், சொல்லிவிட்டேன்.

"பெரியப்பாவுக்கு மாரடைப்புன்னுதானேப்பா சொன்னீங்க?" என்றான் மூத்தவன்.

"பொய் சொன்னேன்."

இளையவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூத்தவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "இப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்றான்.

"நாளைக்கு அந்த நர்ஸம்மா பரிசோதனைக்காக உங்க ரெண்டு பேரையும் போன்ல கூப்பிடுவாங்க. கேக்கறதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்க. மரியாதையா எழுந்து நின்னு பேசுங்க."