எடைக்குப் போட்ட நூலகம்

துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்குப் 'புழு' என்று பெயர். முதலில் புத்தகப் புழு என்றுதான் கூப்பிட்டார்கள். யந்திரச் சத்தத்தில் அவ்வளவு நீளமாகக் கத்த முடியாமல் முன்பாதி உதிர்ந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அப்படிக் கூப்பிடக் கூசினால், அவளே பரவாயில்லை, பழகிவிட்டது என்று சொல்லிவிடுவாள்.

பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். அவளுக்கு உருளை யந்திரத்தில் வேலை. ஈரம் முழுக்கப் போகாத படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுத்தால், மறுபக்கம் மொடமொடவென்று வெள்ளையாக வரும். இவ்வளவு பெரிய தாள், அதில் ஓர் எழுத்துகூட இல்லையே என்று அவள் ஒருமுறை சொல்லப்போய், எதிர்முனையைப் பிடித்திருந்தவள் சிரித்துச் சிரித்து விரிப்பைக் கோணலாகக் கொடுத்துவிட்டாள்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு பேச்சோடு நின்றுபோனதில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சம்பளத்தை அப்படியே அண்ணியிடம் கொடுப்பாள். பஸ்ஸுக்கும் டீக்கும் அண்ணி எடுத்துத் தருவாள். அண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் இடுப்பொடிந்து கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அந்த வீடு மூழ்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அரிசிக்கும் மருந்துக்கும் மாறி மாறி இழுபடும் பணத்தில் புத்தகத்துக்கு என்று யார் கேட்பது? இவளும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மார்க்கெட்டுக்கு மேல்மாடியில் கிளை நூலகம் இருந்தது. கீழே மீன் வாடை, மேலே தாள் வாடை. வேலை முடிந்து நேராக அங்கேதான் போவாள். நாவல், பயணக்கதை, கடல் பிராணிகள், யாரோ ராணியின் வாழ்க்கை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் படித்தாள். அவள் வாழ்க்கையில் இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டிருக்கிறது என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். வெயிலில் அந்தத் தாள் வெளுத்து எழுத்தே தெரியாமல் போயிற்று. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் புத்தகத்துக்காக அலைய ஆரம்பித்தாள்.

மேல்மாடி அறைகளைச் சுத்தம் செய்யும் சிநேகிதி ஒருத்தி, விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை அழுக்கு விரிப்புக்குள் சுருட்டிக் கீழே அனுப்பினாள். பாதி இவளுக்குத் தெரியாத பாஷைகளில் இருக்கும். மீதியை விடாமல் படித்தாள். ஒரு நாள் யாரோ ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமல் போனது. அன்றிலிருந்து அறையில் கிடக்கும் துண்டுச் சீட்டைக்கூடக் காவல் அறையில் ஒப்படைக்க வேண்டும், வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. சிநேகிதி வந்து, "எனக்கு இந்த வேலைய விட்டா வேற நாதியில்லக்கா" என்றாள். இவள் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

அண்ணன் மகள், "எல்லாமே ஃபோன்லயே கிடைக்குதே அத்தை" என்று இலவசமாக வந்த சில கதைகளை இறக்கித் தந்தாள். திரையில் குறுக்கே ஒரு கீறல். அந்தக் கீறலுக்கு அடியில் வரும் வரியைத் தாளை நகர்த்துவது மாதிரி மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். கண்ணில் நீர் வழியும். கதைக்காகவா வெளிச்சத்துக்காகவா என்று அவளுக்கே தெரியாது. பிறகு அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஃபோனும் கூடவே போனது.

கடைத்தெருவில் கண்ணாடி போட்ட புத்தகக் கடை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், வாங்க வந்தவள் போலப் பின்னட்டையைப் புரட்டி விலையைப் பார்ப்பாள். அப்புறம் நின்றபடியே போன வாரம் விட்ட பக்கத்திலிருந்து தொடங்குவாள். கால் மரத்துப்போகும்வரை நிற்பாள். விற்பனையாள் ஒருவன் பக்கத்தில் வந்து வந்து அடுக்கைச் சரிசெய்வான், எதுவும் சொல்லமாட்டான். அப்படியே ஒரு முழு நாவலின் கடைசி அத்தியாயம்வரை வந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது எல்லாப் புத்தகங்களையும் கண்ணாடித்தாளில் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

கடைசியில் வழி பிறந்தது பழைய பேப்பர் கடையில். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது அது. அட்டைப்பெட்டி, பாட்டில், செய்தித்தாள் மூட்டைகளுக்கு நடுவில் பனியனோடு ஒருவர் தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூட்டையிலிருந்து நழுவிக் கிடந்த ஒரு நாவலை இவள் குனிந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டதை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். இவள் தயங்கித் தயங்கி விலை கேட்டதும் தராசில் போட்டார்.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். எடைதான் தெரியும். எடுத்துட்டுப் போங்க, படிச்சிட்டுக் கொண்டு வாங்க. குடுத்த காச அப்படியே திருப்பித் தரேன். படிச்சா எடை குறையவா போகுது?"

இவ்வளவு படிக்கிறவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. துணிக்கு இஸ்திரி போடுகிறவள் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். விட்டுவிட்டாள்.

அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் முகமே மாறிப்போயிருந்தது என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரே பணம் அவள் கைக்கும் அவர் கல்லாவுக்கும் போய்ப் போய் வந்தது. அட்டை கிழிந்தவை, எலி கடித்தவை, முதல் பக்கமே நாற்பதில் தொடங்குபவை என்று விதவிதமாகக் கிடைத்தன. முடிவுப் பக்கங்கள் இல்லாத கதைகளுக்கு உருளை யந்திரத்தின் முன்னால் நின்றபடி அவளே முடிவு கட்டினாள். பெரும்பாலும் நல்ல முடிவாகத்தான் கட்டினாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கடைக்கு வெளியே தெருவை அடைத்துப் புத்தகம் குவிந்து கிடந்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. பக்கத்தில் போன பிறகுதான் முதுகில் ஒட்டியிருந்த எண்களும் ஊதா முத்திரையும் கண்ணில் பட்டன. கிளை நூலகம். கூரையைச் சரிசெய்வதற்குப் பதிலாக நூலகத்தையே எடுத்துவிட்டார்கள். கடல் பிராணிகள் ஒரு பக்கம் குப்புறக் கிடந்தது. ராணியின் மேல் யாரோ கால் வைத்து ஏறியிருந்தார்கள். ஒரு நாவலைப் பிரித்தாள். அவள் எப்போதோ அடையாளத்துக்கு வைத்த விடுதியின் சலவைச் சீட்டு உள்ளே அப்படியே இருந்தது. அவளுக்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை போலும்.

நாற்காலி போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். காகித ஆலையின் ஆள். முத்திரை போட்ட புத்தகம் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, அத்தனையும் கூழாக வேண்டும் என்பது ஒப்பந்தம். இங்கே ஏற்றும் எடையும் ஆலையில் இறக்கும் எடையும் ஒத்துவர வேண்டும். நாளைக் காலையில் லாரி. இவள் அவனிடமே போய்க் கேட்டாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"நான் என்னம்மா செய்யட்டும்? ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க."

அவன் டீ குடிக்க எழுந்து போனதும் கடைக்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். காலையில் ஏற்றும்போது ஒரு மூட்டை ஒதுக்கிவைப்பதாகவும், எடைக்கு எடை செய்தித்தாளை நடுவில் திணித்துவிடுவதாகவும் காதோடு சொன்னார். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதெது வேண்டும் என்று குவியலைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீக்கடையில் கூட்டம் என்று அந்த ஆள் திரும்பி வந்துவிட்டான்.

"நீங்க போங்க டீச்சர், நான் நல்லதா பார்த்து எடுத்து வெக்கறேன்" என்றார் கடைக்காரர், கண்ணால்.

வீட்டில் அண்ணியிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரே அறை, ஒரு சமையலிடம். அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கொண்டு வந்து எங்க வைக்கப் போற? உங்கண்ணன் கால் நீட்டற இடத்துலயா?"

கட்டிலில் கிடந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு அடியில வெச்சுக்கட்டும், நான் என்ன இறங்கி நடக்கவா போறேன்" என்றான். அண்ணி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் முழுக்க அவள் கை விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்ததே தவிர மனம் மூட்டைக்குள் இருந்தது. படித்ததே வந்தாலும் சரி, இன்னொரு தரம் படிக்கலாம். மலையேறியின் கதை வருமா? அந்தத் தடித்த குடும்பக் கதையின் இரண்டு பாகமும் சேர்ந்து வருமா, ஒன்று மட்டும் வருமா? ஒரு முறை உருளைக்கு மிக அருகில் விரல் போய்விட்டது. எதிரில் நின்றவள் சத்தம் போட்டதில் தப்பித்தாள்.

கடைக்கு அவள் போனபோது தெரு காலியாகக் கிடந்தது. லாரிச் சக்கரம் ஏறிய தாள்கள் இரண்டொன்று மண்ணோடு ஒட்டியிருந்தன. கடைக்காரர் உள்ளேயிருந்து சாக்கை இழுத்துவந்து, ஏதோ பெண்ணுக்குச் சீர் கொண்டுவந்தவர் போல முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

எல்லாம் ஒரே உயரம். ஒரே பச்சைத் துணி அட்டை. முதுகில் தங்க எழுத்து. நீர்ப்பாசனத் துறையின் ஆண்டறிக்கைகள், வரிசையாக. ஒன்றைப் பிரித்தாள், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்து படக்கென்று விட்டன. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படித்தான்.

"கிழிஞ்சது, அழுக்கு, அட்டை இல்லாததையெல்லாம் லாரில தூக்கிப் போட்டுட்டேன். யாருமே கை வெக்காத புத்தகமா பார்த்து உங்களுக்கு எடுத்தேன் டீச்சர். வாசனை பாருங்க, புத்தம் புதுசு."

அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வையோடு காகிதத் தூசு படிந்திருந்தது. அந்த ஆள் பார்த்துவிட்டிருந்தால் அவர் பிழைப்பே போயிருக்கும்.

"ரொம்ப நல்ல புத்தகம்ங்க" என்றாள். "இந்த மாதிரி நான் படிச்சதே இல்ல."

பணம் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். சாக்கைப் பஸ்ஸில் ஏற்றவும் இறக்கவும் முன்பின் தெரியாதவர்கள் கை கொடுத்தார்கள். உள்ளே என்ன என்று ஒருவர் கேட்டதற்குப் புத்தகம் என்று சொன்னாள்.

அந்த வாரம் அவள் படிக்க முயலாமல் இல்லை. மதகுகள், கால்வாய் நீளங்கள், மழையளவு. பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒரு மனுஷர் வருகிறாரா என்று தேடினாள். ஓரிடத்தில் மதகுக் காவலர் ஒருவர் பணியின்போது இறந்தார் என்று ஒரு வரி வந்தது. பெயர் இல்லை. அடுத்த வரி சிமெண்டைப் பற்றியது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு மூடிவைத்தாள்.

திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. முத்திரை போட்ட புத்தகம் கடையில் அகப்பட்டால் மாட்டிக்கொள்வது கடைக்காரர்தான். அடுத்த தடவை அவள் வெறுங்கையோடு போனபோது கடை முகப்பில் பெரிய இரும்பு யந்திரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. காகித ஆலை கொடுத்திருக்கிறதாம். வருகிற தாளையெல்லாம் அன்றன்றே அழுத்திக் கட்டிவிட வேண்டும். சில்லறையாக எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. அதற்கு ஒத்துக்கொண்டால்தான் இனி அவரிடமிருந்து எடுப்பார்கள். அவர் இதைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அந்த மூட்டை இருக்கே டீச்சர். கொஞ்ச நாளைக்கு ஓடும் இல்ல?"

"ஓடும்" என்றாள். "மெதுவாத்தான் படிக்கறேன்."

அவர் அழுத்தியை இறக்கினார். உள்ளே என்ன இருந்தது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அண்ணி அவளைக் கேட்காமலே அறிக்கைகளை எடுத்துக் கட்டிலின் நான்கு கால்களுக்கும் முட்டுக் கொடுத்தாள். எல்லாம் ஒரே தடிமன் என்பதால் கட்டில் ஆடாமல் நின்றது. அண்ணன் நனையாமல் தப்பித்தான். இவள் கோபப்படுவாளோ என்று அண்ணி ஓரக்கண்ணால் பார்த்தாள். இவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, நல்ல வேளை என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் கூடத்தில் டீ நேரத்தில் அவள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. மற்றவர்கள் பேச்சில் கலந்துகொள்ளப் பார்ப்பாள். சிறிது நேரத்தில் மனம் நழுவிவிடும். சுவரோரம் சலவைத்தூள் பீப்பாய்கள் நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மணி அடிக்கும்வரை அதைப் படித்துக்கொண்டிருப்பாள்.